தராசும் ஈமானும்: இமாம் கஸ்ஸாலியின் ‘அல்கிஸ்தாஸுல் முஸ்தகீம்’ – ஒரு மதிப்பீடு

‘மார்க்கத்தில் தர்க்கத்திற்கு இடமில்லை’ என்னும் வாசகம் நம் மிம்பர்களில் அடிக்கடி ஒலிக்கக் கேட்கிறோம். இதற்குச் சான்றாகப் பெரும்பாலும் எடுத்தோதப்படுவது, அபூதாவூதில் இடம்பெறும் அலீ (ரலி) அவர்களின் கூற்றாகும். மார்க்கம் சொந்த அபிப்பிராயத்தைக் கொண்டு அமைவதாயின் காலுறையின் மேற்புறத்தைவிட அடிப்புறமே மஸ்ஹு செய்யப்பட அதிகத் தகுதியுடையதாக இருந்திருக்கும். நபி (ஸல்) அவர்களோ மேற்புறத்தில் மஸ்ஹு செய்ததையே தாம் கண்டதாக அவர்கள் கூறினார்கள். இக்கூற்றின் உட்பொருளைப் பின்னர் காண்போம். மறுபுறம், மார்க்கத்தின் ஒவ்வொரு செய்தியையும் தர்க்கத்தால் நிறுவிக் காட்டினாலன்றி இக்காலத்தவர் ஏற்கமாட்டார்கள் என்று கருதி, மறைவானவற்றையும் கணக்குப்போல் தீர்த்துக்காட்ட முற்படும் பேச்சாளர்களும் பெருகியுள்ளனர். முன்னவர் அறிவைக் கண்டு அஞ்சுகின்றனர். பின்னவரோ அறிவின் எல்லையை அறியாதிருக்கின்றனர். இரு சாராருக்கும் ஒருசேர விடை கூறும் சிறு நூலொன்று ஒன்பது நூற்றாண்டுகளுக்கு முன்பே நம்மிடம் எழுதப்பட்டுள்ளது. இமாம் அபூஹாமித் அல்கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘அல்கிஸ்தாஸுல் முஸ்தகீம்’, அதாவது ‘நேரான தராசு’ என்பதே அந்நூல். அதன் நிறைகளையும் குறைகளையும் எடைபோட்டு, தர்க்கமும் ஈமானும் இசையுமா என்ற வினாவிற்கு அது தரும் விடை எவ்வளவு தூரம் நிற்கும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

வழக்கின் வரலாறு

கிரேக்கரின் அளவை நூல்கள் அரபியில் பெயர்க்கப்பட்ட காலந்தொட்டே இவ்வழக்குத் தொடங்கிவிட்டது. கி.பி. பத்தாம் நூற்றாண்டின் முதற்பாதியில் பக்தாதில் அமைச்சர் இப்னுல் ஃபுராத்தின் அவையில் இலக்கண அறிஞர் அபூஸயீத் அஸ்ஸீராஃபீக்கும் மன்திக் அறிஞர் அபூபிஷ்ர் மத்தாவுக்கும் நடந்த விவாதத்தை அபூஹய்யான் அத்தவ்ஹீதி ‘அல்இம்தாஉ வல்முஆனஸா’வில் பதிவுசெய்திருக்கிறார். மன்திக் என்பது கிரேக்க மொழியின் இலக்கணமேயன்றி வேறில்லை. அரபு மொழி பேசுவோனுக்கு அது எதற்கு என்பது ஸீராஃபீயின் வாதம். மொழிகள் வேறுபடினும் கருத்துகள் எல்லாச் சமூகத்தாருக்கும் பொதுவானவை. நான்கும் நான்கும் எட்டு என்பது எம்மொழியாருக்கும் எட்டே என்பது மத்தாவின் வாதம். அவையில் வென்றவர் ஸீராஃபீ என்றே அப்பதிவு காட்டுகிறது. ஆயினும் மத்தாவின் அந்த ஒரு வாதம் தோற்கவில்லை; அது வேறு வடிவில் திரும்பி வந்தது.

பிற்காலத்தில் ஹதீஸ் கலையின் பேரறிஞர் இப்னுஸ் ஸலாஹ் (மறைவு ஹி. 643/1245) மன்திக்கைக் கற்பதும் கற்பிப்பதும் கூடாதென்று ஃபத்வா வழங்கினார், இமாம் நவவீ (மறைவு ஹி. 676/1277) அவர்களும் அக்கருத்தினரே. கி.பி. பதினாறாம் நூற்றாண்டில் அல்ஜீரிய அறிஞர் அல்அக்ளரீ இயற்றிய ‘அஸ்ஸுல்லம்’ என்னும் செய்யுள் நூல் இவ்வழக்கை மூன்று கருத்துகளாகத் தொகுத்துத் தருகிறது: இவ்விருவரும் தடுத்தனர், சிலர் இதனைக் கற்பது வேண்டும் என்றனர், குர்ஆனிலும் சுன்னாவிலும் பயிற்சி பெற்ற நிறைமதியாளருக்கு ஆகுமானது என்பதே பிரபலமான சரியான கருத்து. கற்பது வேண்டும் என்ற அந்த ‘சில’ரின் தலைவராகக் கருதப்படுபவர் இமாம் கஸ்ஸாலி அவர்களே. ஹி. 503 (1109) இல் நிறைவுசெய்த ‘அல்முஸ்தஸ்ஃபா’ என்னும் உஸூல் நூலுக்கு மன்திக்கையே முன்னுரையாக வைத்து, அதனை அறியாதவரின் கல்வியில் தமக்கு உறுதிப்பாடில்லை என்னும் அளவுக்கு அவர்கள் எழுதினார்கள்.

இங்கொன்றை மனத்திற்கொள்ள வேண்டும். இதே இமாம்தான் ஹி. 488 (1095) இல் ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’ எழுதி, மெய்யியலாரை இருபது பிரச்சினைகளில் மறுத்து, அவற்றுள் மூன்றில் குஃப்ர் என்றும் தீர்ப்பளித்தார்கள். மெய்யியலை மறுத்தவர் மன்திக்கை ஏற்றது முரண்பாடல்லவா என்று சிலர் வினவுவர். முரண்பாடில்லை. மெய்யியலார் இறைவனைப் பற்றிக் கூறிய முடிவுகள் வேறு. முடிவுகளைச் சோதிக்கும் கருவி வேறு. அவர்கள் தம் கருவியின் விதிகளையே தாம் பேணவில்லை என்பதுதான் ‘தஹாஃபுத்’தின் குற்றச்சாட்டு. கள்ள எடை போடும் வணிகனைத் தண்டிப்பவர் தராசை உடைப்பதில்லை.

நூலின் அமைப்பு

‘கிஸ்தாஸ்’ ஓர் உரையாடல். எதிரில் நிற்பவர் ‘தஃலீம்’ கொள்கையினரான பாதினீ ஒருவர். மனிதரின் அறிவு ஒருவருக்கொருவர் முரண்படுகிறது. ஆதலால் அறிவை நம்பாது, பிழையற்ற இமாம் ஒருவரிடம் எல்லாவற்றையும் கற்றலே வழி என்பது அவர்களது அடிப்படை. அவர் இமாமை நோக்கி, உண்மையை நீர் எந்தத் தராசில் நிறுக்கிறீர், சொந்த அபிப்பிராயத்திலா, கியாஸிலா, தஃலீமிலா என்று வினவுகிறார். நேரான தராசைக் கொண்டு நிறுங்கள் என்னும் இறைக் கட்டளையை (17:35) எடுத்துக்கொண்டு, அத்தராசு பொன்னையும் கோதுமையையும் நிறுப்பதற்கு மட்டுமானதன்று. அறிவை நிறுக்கும் தராசும் குர்ஆனிலேயே உண்டு என்று இமாம் விடை பகர்கிறார்கள்.

பிறகு ஐந்து தராசுகளைக் காட்டுகிறார்கள். ‘தஆதுல்’ எனும் சமநிலைத் தராசு பெரியது, நடுத்தரம், சிறியது என மூன்றாகும். பெரியதற்கு இப்ராஹீம் (அலை) மன்னனோடு புரிந்த வாதம் (2:258) சான்று: சூரியனை உதிக்கச்செய்பவனே இறைவன், என் இறைவன் அதனை உதிக்கச்செய்கிறான், ஆகவே அவனே இறைவன், நீயல்லன். நடுத்தரத்திற்கு மறையும் சந்திரனைப் பற்றிய வாதம் (6:76–78): சந்திரன் மறைகிறது, இறைவன் மறையான், ஆகவே சந்திரன் இறைவனன்று. சிறியதற்கு, மனிதர் எவருக்கும் அல்லாஹ் எதையும் அருளவில்லை என்று கூறியோருக்கு மூஸா (அலை) கொணர்ந்த வேதத்தைச் சுட்டும் வசனம் (6:91): மூஸா மனிதர், அவருக்கு வேதம் அருளப்பட்டது, ஆகவே மனிதருள் ஒருவருக்கேனும் வேதம் அருளப்பட்டதுண்டு. நான்காவது ‘தலாஸும்’ எனும் தொடர்புத் தராசு: வானிலும் பூமியிலும் வேறு தெய்வங்கள் இருந்திருப்பின் அவை சீர்குலைந்திருக்கும்; சீர்குலையவில்லை; ஆகவே வேறு தெய்வமில்லை (21:22). ஐந்தாவது ‘தஆனுத்’ எனும் எதிர்மைத் தராசு: நாமோ நீங்களோ நேர்வழியிலோ தெளிவான வழிகேட்டிலோ இருக்கிறோம் (34:24), நாம் வழிகேட்டிலில்லை, ஆகவே நீங்களே அதில் இருக்கிறீர்கள்.

ஈஸாகோஜீ ஓதிய மாணவனுக்கு இவற்றின் அடையாளம் எளிதில் விளங்கும். முதல் மூன்றும் கியாஸ் இக்திரானீயின் மூன்று வடிவங்கள். நான்காவது நிபந்தனை வாதம். ஐந்தாவது பிரிநிலை வாதம். அரிஸ்டாட்டில் மரபினதும் அவருக்குப் பின்வந்தோரதுமான வடிவங்களை இமாம் அவர்கள் குர்ஆனியப் பெயர்களால் போர்த்தித் தந்திருக்கிறார்கள். தமிழிலும் ‘அளவை’ என்னும் சொல் படி, நாழி, நிறைகோல் ஆகிய அளக்கும் கருவியையும் அறிவுக்குரிய பிரமாணத்தையும் ஒருங்கே குறிப்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மணிமேகலையின் சமயக் கணக்கர் பகுதி அவ்வளவைகளைப் பட்டியலிடுகிறது. அறிவை நிறுத்துப் பார்க்க வேண்டும் என்னும் எண்ணம் ஒரு சமூகத்தாருக்கு மட்டும் உரியதன்று.

இப்போது அலீ (ரலி) அவர்களின் கூற்றிற்குத் திரும்புவோம். மார்க்கம் அபிப்பிராயத்தால் அமைவதாயின் அடிப்புறத்தில் மஸ்ஹு செய்யப்பட்டிருக்கும். ஆனால் நபி (ஸல்) மேற்புறத்தில் செய்தார்கள். ஆகவே மார்க்கம் அபிப்பிராயத்தால் அமைவதன்று. இஃது அப்படியே நான்காம் தராசு! பின்னது இல்லாமையால் முன்னதும் இல்லை என முடிப்பதற்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டைப் பாடநூல்களில் காண்பது அரிது. தர்க்கத்தை மறுக்க எடுத்தோதப்படும் சான்றே தர்க்கத்தால் நிற்கிறது. அலீ (ரலி) தடுத்தது, வணக்க வழிபாட்டின் அமைப்பைத் தன் விருப்பத்தால் வகுத்துக்கொள்வதையே. அறிந்த உண்மையிலிருந்து முறையாக முடிவுக்கு வருவதை அவர்கள் தடுக்கவில்லை. தாமே அதனைச் செய்தார்கள். ரஃயு என்பதையும் மன்திக் என்பதையும் ஒன்றாகக் குழப்பியதே மிம்பர் வாசகத்தின் பிழை.

நூலின் வலிமை

‘கிஸ்தாஸ்’ நூலின் உயிர்நாடி தராசுகளின் எண்ணிக்கையில் இல்லை. ஆசிரியர் யார் என்ற வினாவில் இருக்கிறது. பிழையற்ற இமாமைப் பின்பற்ற வேண்டும் எனில், அவர் பிழையற்றவர் என்பதை எதைக்கொண்டு அறிவது? அவரது சொல்லைக் கொண்டே எனில் அது சுழல் வாதம். அற்புதத்தைக் கொண்டு எனில், இமாம் அவர்கள் தரும் விடை கூர்மையானது: கைத்தடி பாம்பானதைக் கண்டு மட்டும் நம்பியவன், ஸாமிரீயின் காளைக்கன்று குரலெழுப்பியதைக் கேட்டதும் நம்பிக்கை இழந்துவிடுவான். கண்முன் நிகழும் வியப்புகள் ஒன்றோடொன்று மோதும். அவற்றுள் எது எதனை உணர்த்துகிறது என்று நிறுக்க ஒரு தராசு வேண்டும். ‘அல்முன்கித்’ நூலிலும் இதே கருத்து வேறொரு வகையில் வருகிறது: பத்தைவிட மூன்றே பெரியது என ஒருவன் கூறி, அதற்குச் சான்றாகத் தடியைப் பாம்பாக்கிக் காட்டினாலும், அவனது ஆற்றலைக் கண்டு வியக்கலாமேயன்றிப் பத்து பெரியது என்பதில் ஐயம் தோன்றாது.

இதன் பொருளை நாம் முழுமையாக உணர வேண்டும். அறிவைக் கைவிட்டு ஆளைப் பற்றிக்கொள் என்பது பக்திபோல் தோன்றும். ஆயின் அவ்வாறு பற்றிக்கொள்பவன் யாரைப் பற்றுவது என்பதைத் தேர்ந்தெடுக்கவே அறிவைப் பயன்படுத்தியாக வேண்டும். இல்லையெனில் முதலில் எதிர்ப்பட்டவரின் கையில் அவன் பொருளாகிவிடுகிறான். பாதினீகளுக்கு இமாம் தொடுத்த இவ்வினா இன்றும் செல்லுபடியாகும். தன் ஷைகை, தன் இயக்கத் தலைவரை, தன் பேச்சாளரை ஆதாரம் கேளாது பின்பற்ற வேண்டும் எனப் போதிக்கும் எவரையும் நோக்கி அதனைக் கேட்கலாம்.

நூலின் குறைகள்

இத்தகைய நூலிலும் மூன்று குறைகள் உள. மரியாதை குறையாமல் அவற்றைச் சுட்டுவது திறனாய்வின் கடமை.

முதலாவது, மூலத்தைப் பற்றியது. பெயர்கள் தாம் இட்டவை என்றும், தராசுகளைத் தாம் குர்ஆனிலிருந்தே எடுத்ததாகவும், முற்காலத்துச் சமூகத்தார் இப்ராஹீம், மூஸா (அலை) ஆகியோரின் ஏடுகளிலிருந்து இவற்றைக் கற்று வேறு பெயர்களால் வழங்கியிருந்தனர் என்றும் இமாம் கூறுகிறார்கள். வரலாற்றில் இதற்கு ஆதாரமில்லை. அவர்கள் இவற்றை இப்னு ஸீனா வழியாகக் கற்றார்கள் என்றும், இப்னு ஸீனாவுக்கு அவை அரிஸ்டாட்டிலின் நூல்களிலிருந்து வந்தன என்றும் இப்னு தைமிய்யா (ரஹ்) சுட்டிக்காட்டியது நியாயமே. கருவியின் பிறப்பிடம் எதுவாயினும் கருவி செம்மையாயின் போதும் என்பதே நேரிய விடை. இமாமுக்குப் பின் வந்த இப்னு ருஷ்து (1126–1198) ‘ஃபஸ்லுல் மகால்’ நூலில் அதனை ஒளிவுமறைவின்றிக் கூறினார்: குர்பானிக்குரிய கத்தி நம் மார்க்கத்தாருடையதா என்று பார்ப்பதில்லை, அது நிபந்தனைகளுக்கு உட்பட்டதா என்றே பார்க்கிறோம். எதிராளியின் வெறுப்பைத் தணிக்கவே கஸ்ஸாலி போர்வையை நாடினார்கள் எனினும், அது பின்வந்தோருக்கு ஒரு தீய பழக்கத்தைக் கற்பித்தது. அயலார் கண்டறிந்த ஒவ்வொன்றையும் ‘இஃது ஏற்கெனவே குர்ஆனில் உள்ளதே’ என்று பின்னோக்கிச் சொந்தம் கொண்டாடும் இன்றைய வழக்கத்தின் விதை இங்கேயும் இருக்கிறது.

இரண்டாவது, வசனங்களின் ‘கிதாப்’, அதாவது விளித்துரைக்கும் பாங்கு, வாய்பாட்டிற்குள் மறைந்துபோவது. ஐந்தாம் தராசின் வசனத்தையே எடுத்துக்கொள்வோம். நீங்களே வழிகேட்டில் இருக்கிறீர்கள் என்று குர்ஆன் அங்குக் கூறவில்லை. நாமோ நீங்களோ என்று கூறி நிறுத்திக்கொள்கிறது. முடிவை எதிராளியின் மனச்சான்றுக்கே விட்டுவிடுகிறது. ஸமக்ஷரீ ‘கஷ்ஷாஃப்’ விரிவுரையில் இதனை நடுநிலையாளரின் பேச்சு என்று போற்றுவது இக்காரணத்தாலேயே. இமாம் அவர்கள் சொல்லப்படாத முற்கூற்றையும் முடிவையும் இட்டு நிரப்பும்போது வாதம் முழுமையடைகிறது. ஆனால் அந்த மென்மை போய்விடுகிறது. சொல்லாமல் விட்டதும் வாதத்தின் ஒரு பகுதி என்பதை வாய்பாடு அறியாது.

மூன்றாவது, வடிவத்தின் உறுதியை முற்கூற்றின் உறுதியாகக் கொள்வது. 21:22 வசனத்தின் வாதத்தை இமாம் ஐயத்திற்கிடமற்ற சான்றாகவே நிறுத்துகிறார்கள். ஆனால் நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் ‘ஷரஹுல் அகாயித்’ நூலில் தஃப்தாஸானீ (மறைவு ஹி. 792/1390) இதே வாதத்தை ‘இக்னாயீ’, அதாவது மனநிறைவு தரும் சான்று என்றே கூறுகிறார். பல தெய்வங்கள் இருப்பின் சீர்குலைவு நேரும் என்பது வழக்கத்தை ஒட்டிய தொடர்பேயன்றி மறுக்கவியலாத பகுத்தறிவுத் தொடர்பன்று. அவர்கள் உடன்பட்டு நடத்தலும் கற்பனைக்கு எட்டக்கூடியதே என்பது அவர் காட்டும் நுட்பம். இதற்காக அவர் கடுங்கண்டனத்திற்கும் ஆளானார், ஆதரித்தோரும் உண்டு. யார் கூறியது சரி என்று ஈண்டு தீர்ப்பளிக்கப் புகவில்லை. இருவரும் ஒரே வடிவத்தையே ஏற்கின்றனர்; முற்கூற்றின் தரத்திலேயே வேறுபடுகின்றனர் என்பதே நாம் காண வேண்டியது.

இப்னு தைமிய்யாவின் மறுப்பு

ஹி. 709 (1309–10) இல் அலெக்சாந்திரியாவில் தங்க நேர்ந்த காலத்தில் தொடங்கி இப்னு தைமிய்யா (ஹி. 661–728/1263–1328) எழுதிய ‘அர்ரத்து அலல் மன்திகிய்யீன்’ நூலை, மன்திக்கைப் படியாமலே பழிப்போர் தம் துணைக்கு அழைக்கின்றனர். அவரோ அதனை ஆழக் கற்றபின் மறுத்தவர். அவரது வாதங்களுள் மூன்று முதன்மையானவை.

ஒன்று, கியாஸ் புதிய அறிவைத் தருவதில்லை. மனிதர் யாவரும் இறப்பர் என்னும் பொதுக்கூற்று தனிமனிதர்களைப் பார்த்தே அறியப்படுகிறது. அதனை அறிந்தவன் முடிவையும் அறிந்தவனே. இவ்வாதம் வலியது, ஆயினும் முற்றுப்பெறாதது. கோவேறு கழுதை ஈனாது என்பதை அறிந்தவனே, வயிறு பெருத்த கோவேறு கழுதையைக் கண்டு அது சினையோ என எண்ணிவிடுவதுண்டு. மன்திக் நூல்களில் வழங்கும் இப்பழைய எடுத்துக்காட்டு காட்டுவது யாதெனில், இரு கூற்றுகளைத் தனித்தனியே அறிதல் வேறு, அவற்றை ஒன்றுசேர்த்து நோக்குதல் வேறு என்பதாகும்.

இரண்டு, மன்திக்காரரின் கியாஸும் ஃபுகஹாக்களின் கியாஸும் ஒன்றே. நபீத் போதை தரும். போதை தருவது யாவும் ஹராம். ஆகவே நபீத் ஹராம். இங்கு இணைப்புச் சொல்லாக நிற்கும் ‘போதை’யும் ஃபிக்ஹின் ‘இல்லத்’தும் ஒரே பொருள். இதனை முழுமனத்தோடு ஏற்கலாம். ஆயின் இது தர்க்கத்திற்கும் மார்க்கத்திற்கும் உள்ள தூரத்தைக் கூட்டவில்லை, குறைக்கிறது. ஃபகீஹ் நாள்தோறும் செய்வதையே மன்திக்காரர் வேறு பெயரால் செய்கிறார் என்பதே இதன் விளைவு.

மூன்று, இறைவன் படைப்புகளோடு சேர்ந்து ஒரு பொதுக்கூற்றின் கீழ் அடங்குபவனல்லன். பொதுமை மனத்தில் மட்டுமே உள்ளது. அது அல்லாஹ்வைக் குறிப்பாக அறிவிக்காது. படைப்பில் காணும் குறையற்ற நிறைவு எதுவோ அதற்குப் படைத்தவன் மிகவும் தகுதியானவன் என்னும் ‘கியாஸுல் அவ்லா’வே குர்ஆனின் வழி. இவ்வாதத்தின் முன் ‘கிஸ்தாஸ்’ பின்வாங்கவே வேண்டும். தராசின் ஒரு தட்டில் படைத்தவனையும் மறுதட்டில் படைப்பையும் வைத்து நிறுப்பது இயலாது.

ஆனால் அவர் அறிவின் பகைவரல்லர். அறிவுக்கும் அறிவிப்புக்கும் முரண்பாடில்லை என்று நிறுவவே ‘தர்உ தஆருளில் அக்லி வந்நக்ல்’ எனும் பெருநூலை யாத்தார். முரண்பட்டால் அறிவையே முற்படுத்த வேண்டும் என்னும் ஃபக்ருத்தீன் ராஸீ (மறைவு ஹி. 606/1210) அவர்களின் விதியை அவர் மறுத்த முறையே நமக்குப் பாடம். முற்படுத்த வேண்டியது அறிவையுமன்று, அறிவிப்பையுமன்று. உறுதியானதை, அது எவ்வழி வந்ததாயினும், ஐயத்திற்குரியதன்முன் வைக்க வேண்டும். உறுதியான இரண்டு ஒருபோதும் முரணா. கஸ்ஸாலியும் இதற்கு உடன்படுவார்கள். வழியில் பிணங்கிய இருவரும் வந்துசேர்ந்த இடம் ஒன்றே.

வினாவையே நிறுத்துப் பார்த்தல்

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால், தர்க்கமும் ஈமானும் இசையுமா என்னும் வினாவே சற்றுக் கோணலானது என்பது புலனாகும். இசைய வேண்டிய அவசியம், ஒரே பொருளைப்பற்றி இருவேறு செய்திகள் கூறும் இருவருக்கே உண்டு. தர்க்கம் இறைவன் உண்டு என்றும் கூறவில்லை. இல்லை என்றும் கூறவில்லை. இன்ன கூற்றுகளை ஏற்றால் இன்ன முடிவை ஏற்றாக வேண்டும் என்று மட்டுமே அது கூறுகிறது. அக்கூற்றுகள் புலன், அனுபவம், முதவாதிரான செய்தி, ஃபித்ரா ஆகியவற்றிலிருந்து வருபவை. மோதல் நிகழுமாயின் அது கூற்றுகளுக்கிடையே நிகழும். தர்க்கத்திற்கும் ஈமானுக்கும் இடையே அன்று. தர்க்கம் அம்மோதலை வெளிச்சத்திற்குக் கொணரும் அவ்வளவே.

இப்லீஸின் வாதத்தை இதற்குச் சான்றாகக் காட்டலாம் (7:12). நான் நெருப்பினால் ஆனவன். அவர் களிமண்ணால் ஆனவர். நெருப்பு களிமண்ணினும் உயர்ந்தது. ஆகவே நான் உயர்ந்தவன். முதன்முதலில் கியாஸ் செய்தவன் இப்லீஸ் என்று கூறி, கியாஸையே சிலர் பழித்தனர். நிறுத்துப் பார்த்தால் அவன் அழிந்தது வாதித்ததால் அன்று என்பது விளங்கும். நெருப்பு உயர்ந்தது என்னும் கூற்றை நிறுவாமலே வைத்தான். மூலப்பொருளின் உயர்வு அதனால் ஆனவனின் உயர்வாகும் என்பதையும் நிறுவாமலே வைத்தான். அதனையும் நேரடிக் கட்டளையின் எதிரில் வைத்தான். பொய்த் தராசு என்று நாம் பழிக்க வேண்டியது இதனையே. குலத்தையும் நிறத்தையும் காட்டி உயர்வு பேசும் ஒவ்வொருவரும் இன்றும் அவனது முற்கூற்றுகளையே எடுத்தாளுகின்றனர்.

எனினும் தராசு ஈமானை உண்டாக்குமா? இவ்விடத்தில்தான் தர்க்கத்தால் எதையும் நிறுவிவிடலாம் என்போர் சற்று நிற்க வேண்டும். மன்திக் நூல்கள் அறிவைத் தஸவ்வுர், தஸ்தீக் என இரண்டாகப் பகுத்துத் தொடங்குகின்றன. கலாம் நூல்களோ ஈமானைத் ‘தஸ்தீக்’ என்றே வரையறுக்கின்றன. இரு கலைகளுக்கும் ஒரே சொல் வாய்த்தது தற்செயலன்று. தஃப்தாஸானீ இரண்டும் ஒரே பொருளின என்றே கூறுகிறார். ஆனால் அவரே, உண்மை என மனத்தில் தோன்றுவது மட்டும் தஸ்தீக் ஆகாது. மனம் அதற்கு இணங்கி ஏற்பதே தஸ்தீக் என்றும் விளக்குகிறார். இவ்விளக்கம் இன்றியமையாதது. ஏனெனில் பெற்ற பிள்ளைகளை அறிவதுபோல் நபியை அறிந்திருந்தும் மறைத்தோரைப் பற்றிக் குர்ஆன் பேசுகிறது (2:146). உள்ளங்கள் உறுதிகொண்ட பின்னும் அநியாயத்தாலும் அகந்தையாலும் மறுத்த ஃபிர்அவ்னின் கூட்டத்தாரைப் பற்றியும் பேசுகிறது (27:14). அவர்களிடம் சான்று குறையவில்லை, இணக்கமே இல்லை.

இப்ராஹீம் (அலை) வாதித்த அந்த மன்னனின் முடிவும் இதுவே. சூரியனை மேற்கிலிருந்து கொண்டுவா என்று கேட்கப்பட்டபோது அவன் வாயடைத்துப் போனான் என்கிறது வசனம். ஈமான் கொண்டான் என்று கூறவில்லை. பெரிய தராசு தன் பணியைக் குறைவின்றிச் செய்து முடித்தது; பொய்யை வாயடைக்கச் செய்தது. அதற்கப்பால் உள்ள ஓர் அடியை அம்மன்னனே எடுத்து வைத்திருக்க வேண்டும். அவன் வைக்கவில்லை.

இதனாலேயே, பாமர மக்களின் ஈமான் கலாம் சான்றுகளை அறியாமையால் செல்லாது என்று கூறியோரை இமாம் கஸ்ஸாலி ‘ஃபைஸலுத் தஃப்ரிகா’வில் கடிந்தார்கள். வயலிலும் தறியிலும் உழைத்து ஐவேளை தொழும் ஒருவர் முற்கூற்றை அடுக்கத் தெரியாமலே இணங்கியிருக்கிறார். அடுக்கத் தெரிந்தவர் அவரைவிடப் பெரிய முஃமின் ஆகிவிடுவதில்லை. அவருக்குக் கூடுதலாக ஒரு கடமை மட்டுமே உண்டு: ஐயம் கொண்டு வருவோருக்கு விடை கூறுவது.

நம் பாடத்திட்டத்திற்கு

மன்திக்கை மாணவர்க்கு ஓதிக்கொடுப்பவன் என்ற முறையில் ஒன்றைக் கூறி முடிக்கலாம். லக்னோவின் ஃபரங்கி மஹல்லைச் சேர்ந்த முல்லா நிஜாமுத்தீன் (மறைவு 1748) பெயரால் வழங்கும் தர்ஸே நிஜாமியின் வழியில் ஈஸாகோஜீ, குத்பீ போன்ற நூல்கள் நம்மிடம் வந்தன. அவற்றில் மாணவர் ஸைது நிற்கிறார், மனிதன் பேசும் உயிரி என்னும் எடுத்துக்காட்டுகளை மனனம் செய்கின்றனர். குர்ஆனின் ஒரு வாதத்தையேனும் அவ்விதிகளால் நிறுத்துப் பார்ப்பதில்லை. பயனில்லை என்று கூறி அக்கலையையே நீக்கிவிட்ட கல்லூரிகளும் உண்டு. முன்னதில் தராசு இருக்கிறது, நிறுப்பதற்குப் பொருளில்லை. பின்னதில் பொருள் இருக்கிறது, தராசில்லை. ஈஸாகோஜீயை முடித்த வகுப்பிற்கு ‘கிஸ்தாஸ்’ நூலையும், அதனை முடித்தோருக்கு ‘அர்ரத்து’ நூலின் தேர்ந்த பகுதிகளையும் ஓதிக்கொடுப்போமாயின், ஒரு நூல் மற்றொன்றின் குறையை நிரப்பும். கஸ்ஸாலியிடம் வாதிக்கக் கற்ற மாணவன், வாதத்தை எங்கே நிறுத்துவது என்பதை இப்னு தைமிய்யாவிடம் கற்பான். அத்தகைய ஆலிம் ஐயத்தோடு வரும் இளைஞனை ‘மார்க்கத்தில் கேள்வி கேட்காதே’ என்று விரட்டமாட்டார். அவனது கேள்வியில் மறைந்திருக்கும் முற்கூற்று எது என்று பொறுமையாகத் தேடி, அதனை அவன் முன் எடுத்து வைப்பார். இணங்குவதை அவனுக்கும் அவனைப் படைத்தவனுக்கும் இடையே விட்டுவிடுவார்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.